சித்தியும் இரண்டு சுண்டெலிகளும்

சண்டையால் முரசுமோட்டையிலிருந்து இடம்பெயர்ந்து உடையார்கட்டில் கொட்டில் போட்டிருந்த காலம். சித்திக்குத் தசைகளில் அழற்சி. கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. காலையில் அவருடைய கொண்டையை நான்தான் முடிந்துவிடுவேன். எனக்குப் பொறுமை போதாது. "பிள்ளை, இது தலைமயிர். கிணத்துக் கயிறு இல்லை" என்று சத்தம் போடுவார். தன் கொண்டையைத் தானே முடியவேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை.

ஆஸ்பத்திரிக் குளிசை ஒருபுறம் நடக்க, பனங்கற்கண்டு சாப்பிட்டால் தசைக்குப் பலம் வரும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சீனியே கண்ணில் படாத நாட்கள். அம்மா எங்கேயோ தேடிக் கொஞ்சம் கொண்டுவந்தார். சித்தி தொடவில்லை.

"எனக்கேன்? சின்னனுகளுக்குக் குடுங்கோ."

நான் உயர்தரத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். தலைக்கனத்துக்குக் குறைவில்லை. "எலிக்குக் குடுத்துப் பாப்பம். பலம் வந்தால் நீங்கள் சாப்பிடவேணும்" என்றேன்.

"ஓம், பாப்பம்" என்று சித்தி சிரித்தார்.

இரண்டு சுண்டெலிகளைப் பிடித்து, இரண்டு பால்மாத் தகரப் பேணிகளில் விட்டு, மேலே கம்பிவலை கட்டி, பூனைக்கு எட்டாமல் கூரை வளையில் தொங்கவிட்டேன். ஒன்றுக்குச் சோற்றோடு கற்கண்டுத் தூள். மற்றதுக்கு வெறும் சோறு. இடைக்கிடை இரண்டையும் கொடிக் கயிற்றில் தொங்கவைத்து, எது முதலில் விழுகிறது என்று பார்ப்பேன். அந்த எலிகளுக்குத் தசைநோயே இல்லை என்பது என் உயிரியல் மூளைக்கு உறைக்கவில்லை.

இரண்டும் ஒரேமாதிரிக் கொழுத்தன. ஒரேமாதிரிப் பொத்தென்று விழுந்தன. "உன்ரை கற்கண்டும் ஒண்டுதான், வெறும் சோறும் ஒண்டுதான்" என்று சித்தி நக்கலடித்தார். எனக்கு அழுகையே வந்தது.

ஒருநாள் பள்ளிக்கூடம் வழமையைவிட நேரத்தோடு விட்டுவிட்டது. வீட்டுக்கு வந்தால், சித்தி ஒரு கையால் கொட்டிலின் கப்புத் தடியைப் பிடித்தபடி, மற்றக் கையால் வெறுஞ்சோற்று எலியின் பேணிக்குள் கற்கண்டைத் தூவிக்கொண்டு நிற்கிறார்.

"என்ன சித்தி செய்யிறியள்?"

"ஒண்டுக்குக் குடுத்து மற்றதைப் பாக்க வைக்கிறதோ? அதுவும் வாயில்லாச் சீவன்தானே."

என் பரிசோதனை மண்ணாய்ப் போனது. கத்துவதற்கு வாயெடுத்தபோதுதான் கவனித்தேன்.

"சித்தி, கை!"

அவரும் அண்ணாந்து தன் கையைப் பார்த்தார். "முதல் அகப்பையாலைதான் எட்டினனான்... அகப்பையை எப்ப விட்டனான் எண்டு தெரியேல்லை."

குளிசையின் வேலையோ, எலிகளுக்காக நாளும் கையை நீட்டியதன் பலனோ, எனக்கு இன்றும் தெரியாது. அன்று நாங்கள் இரண்டுபேரும் சந்தோசத்தில் குதிக்காத குறை.

மறுநாள் காலை சீப்போடு போனேன். "கொண்டா இஞ்சை" என்று வாங்கிக்கொண்டார். நடுவில் இரண்டுதரம் கையை இறக்கி ஆறினார். கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது.

"நேரா இருக்கோ பிள்ளை?"

"ஓம் சித்தி, நேராத்தான் இருக்கு."