கேட்கும் காது மேலே

பங்குனி வெயிலோடு என் வலது இடுப்பின் வெளிப்புறம் நோகத் தொடங்கியது. நடக்கும்போது பொறுக்கலாம், படுத்தால் முடியாது. மூட்டுத் தேய்வு என்று நானே முடிவெடுத்து, அதைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் வாசித்தேன். ஆனியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, இயன்மருத்துவப் பிரிவில் இருந்த இளம்பெண் பெருவிரலால் ஓரிடத்தை அழுத்தினாள். துள்ளிவிட்டேன்.

"மூட்டு நல்லாத்தான் இருக்கு ஐயா. எலும்பும் தசைநாரும் உராயாமல் இடையில ஒரு சின்ன நீர்ப்பை இருக்கு. அதுதான் வீங்கிப்போச்சுது. எந்தப் பக்கம் சரிஞ்சு படுக்கிறனீங்கள்?"

"வலப்பக்கம்."

"எப்பவுமோ?"

என் மனைவி முந்திக்கொண்டாள். "எப்பவும்தான் பிள்ளை. கூரை விழுந்தாலும் மற்றப் பக்கம் திரும்ப மாட்டார்."

அந்தப் பெண் சிரித்தாள். இடப்பக்கம் படுக்கவைத்து, வலது காலை நீட்டியபடி மெல்ல உயர்த்தி இறக்கப் பழக்கினாள். நித்திரையும் இனி அப்படித்தான், முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்து. "வலப்பக்கம் படுக்கிறதை விடாட்டி, நான் என்ன செய்தும் சுகம் வராது ஐயா."

என் வலது காது கேட்காது. யுத்தத்தின் கடைசி மாசியில் பதுங்குகுழிக்குப் பக்கத்தில் எறிகணை விழுந்தது. திகதிகளில் கவனமான எனக்கு அந்த நாள் மட்டும் புதனா வியாழனா என்று தெரியாது. அன்றிலிருந்து செத்த காதைக் கீழே வைத்து, கேட்கும் காதை மேலே வைத்துத்தான் படுத்தேன். முதலில், தலைக்கு மேல் சுற்றும் வேவு விமானத்துக்காக. அதை வண்டு என்போம். பிறகு முகாமில் காலடிச் சத்தத்துக்காக. சொந்த வீட்டுக்குத் திரும்பிய பின் எதற்காக என்று தெரியவில்லை. மல்லாந்தும் படுக்கலாம்தான். ஆனால் அந்த மாதங்களில் மல்லாந்து கிடந்தவர்களைப் பார்த்தவனுக்கு அது இயலாது.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இடப்பக்கம் படுத்துப் பார்த்தேன். நல்ல காது தலையணைக்குள் புதைந்ததும் உலகம் அணைந்தது. எழுந்துவிட்டேன்.

"இஞ்சேருங்கோ, படுங்கோ," என்றாள் மனைவி. "நான் கேட்டுக்கொண்டிருக்கிறன். ஏதும் சத்தமெண்டால் முதுகில தட்டுறன்."

"நீர் நித்திரையாய்ப் போனால்?"

"நீங்கள் விடுற குறட்டைக்கோ?"

அவள் கை முதுகில் இருந்தது. மறுபடியும் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் செத்த காதுக்குள் வண்டு சுற்றத் தொடங்கியது. "ஏதும் கேக்குதோ?" என்றேன். பதில் சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்டிராது. கை அசையவில்லை. நித்திரையாகிவிட்டாள் என்று தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தேன். மூச்சைப் பிடித்தபடி, இமைக்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்டுமில்லை," என்றாள். "படுங்கோ."

படுத்தேன். அன்றிலிருந்து அப்படித்தான். ஆவணி பிறந்தபோது, அழுத்தினாலும் பெரிதாக நோகவில்லை. பயிற்சியை ஒழுங்காகச் செய்கிறேன் என்று அந்தப் பெண்ணுக்குச் சந்தோசம்.

"இப்ப நித்திரை வருதோ ஐயா?"

"எனக்கு வருது," என்றேன்.

வெளியே, ஆட்கள் உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருந்த வாங்கில், மனைவி சுவரோடு சாய்ந்து வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்ப மனம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பஸ்ஸைத் தவறவிட்டேன்.