ஜிம்மிக்கும் தீர்த்தம்

இராயபுரத்தில் மீன் விற்ற அடைக்கலமேரிக்குக் கோபம் வந்தால் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். அவள் வளர்த்த செவலை நாய் ஜிம்மி மட்டும் வாலை ஆட்டும். வியாபாரம் முடிந்து வந்ததும் முதலில் அடுப்பில் ஏறுவது ஜிம்மிக்கான மீன்தலைக் கஞ்சிதான். முள் பொறுக்கி, ஆறவைத்து, அது தின்று முடித்த பிறகே தனக்குச் சோறு போட்டுக்கொள்வாள். ஞாயிறு பூசை முடிந்தால் உண்ணி பொறுக்க உட்கார்ந்துவிடுவாள்.

1968ஆம் வருஷம் அவளுக்கு அம்மை போட்டது. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஜிம்மி வாசலை விட்டு நகரவில்லை.

பிழைத்து எழுந்தவள், கொள்ளைநோய்க்குக் காவலான புனித ரோக்கு திருநாளன்று மெழுகுத்திரியோடு ஜிம்மியையும் கோயிலுக்கு அழைத்துப் போனாள். கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை இன்னாசி பிரம்பை ஓங்கினார்.

"இன்னாமே, கோயிலுக்கு நாய இட்டாந்துகீற?"

"அப்போ அது இன்னா?"

அவள் பீடத்தைக் காட்டினாள். புனிதரின் சுரூபத்தின் காலடியில், வாயில் ரொட்டியைக் கவ்வியபடி ஒரு நாய் நின்றிருந்தது.

"அவரு சீக்கா கெடந்தப்போ அது ரொட்டி குட்த்துச்சு. நான் கெடந்தப்போ நீ வந்தியா? இதான் கூடக் கெடந்துச்சு. மொதல்ல அத்த தொரத்து, அப்பால இத்த தொரத்து!"

வரிசையே சிரித்துவிட்டது. தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்த சாமியாரும் சிரித்தபடி ஜிம்மியின் தலையில் தாராளமாகவே ஊற்றினார். அது ஒரு உதறு உதறியது. இன்னாசியின் வெள்ளைச் சட்டை தொப்பலாக நனைந்தது.

"சிலுவ போட்டுக்கோ அண்ணாத்த," என்றாள் அடைக்கலமேரி. "எம் புள்ள உனக்கும் மந்திரிச்சு வுட்டான்!"