தங்க நட்சத்திரக்காரி

கட்டுக்கதைன்னு நினைக்கிறவங்க தாராளமா நினைச்சுக்கலாம். அந்தக் குழந்தையை வாரி எடுத்த பெரியவள் இன்னிக்கும் இருக்கா. போய்க் கேளுங்க.

பெரியவளுக்கு ஒரே தங்கச்சி. கைக்குழந்தைக்காரி. வீட்டுக்காரன் வெளியூர் வேலையில். இந்த மகராசி சந்தேகம்னா டாக்டரைக் கேட்க மாட்டா, கூடப் பிறந்தவளையும் கேட்க மாட்டா. போனில் ஒரு தாய்மார் குழு. லட்சம் பேர், ஒருத்தி மூஞ்சி ஒருத்திக்குத் தெரியாது. குழந்தை தும்மினாக்கூட அங்கேதான் முறையீடு. அதில் ஒருத்தி பேருக்குப் பக்கத்தில் தங்க நட்சத்திரம். 'நம்பத் தகுந்தவர்'னு கம்ப்யூட்டரே கொடுத்த பட்டம். எத்தனை பேர் நன்றி சொன்னாங்கன்னு எண்ணிப் பார்த்துக் கொடுக்குமாம். தூ! லட்சம் பேர் ஆமாம் போட்டா கழுதை குதிரையாயிடுமா?

அன்னிக்கு மதியம் சின்னவள் போன் பண்ணினா.

"குழந்தைக்கு மூச்சு இழுக்குதுக்கா."

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுடி!"

"நட்சத்திர அம்மா தூக்க வேணாம்னு எழுதியிருக்காங்க... தூங்கட்டுமாம்."

"அவ யாருடி?"

போன் கட்.

பெரியவள் ஆபீஸ் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுட்டு ஓடினா. மூணாவது மாடி. மூச்சு வாங்க, மணியில் விரல் வைக்கப் போனா...

கதவுக்குப் பின்னாலேயே தங்கச்சி குரல்.

"போயிடுக்கா. நீ வந்து நிக்கிறேன்னு இப்பதான் எழுதினாங்க. திறக்கக் கூடாதாம்."

பெரியவள் இன்னும் மணி அடிக்கலை. வர்றேன்னு சொல்லவும் இல்லை.

உள்ளே போன். டிங்.

"போர்வையை மூஞ்சி வரைக்கும் இழுத்துவிடணுமாம்."

டிங்.

"சத்தம் அடங்கிடுமாம்..."

கர்... கர்... குழந்தையின் இழுப்பு வெளியே வரைக்கும் கேட்டது.

அப்புறம் கேட்கலை.

பெரியவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்து கதவைத் தோளால் இடிச்சார். தாழ்ப்பாள் பிஞ்சுது. பெரியவள் போர்வையை உதறினா. உதடெல்லாம் நீலம்.

குழந்தை பிழைச்சுது. டாக்டர் புண்ணியம்.

பெரியவள் விடலை. குழு நடத்துறவனைப் பிடிச்சு உலுக்கினா. "சிஸ்டம் கொடுத்த நட்சத்திரம் மேடம், தப்பாகாது"ன்னான் அந்த மேதாவி. திட்டித் தீர்த்து நட்சத்திரக்காரியோட நம்பரை வாங்கி, தானே கூப்பிட்டா.

எடுத்தது ஒரு ஆம்பளை.

"என் சம்சாரம்தாங்க. கைக்குழந்தை மூச்சுத் திணறிப் போயிடுச்சு. அந்தத் துக்கத்திலேயே அவளும் போயிட்டா. மூணு வருஷமாச்சு."

பெரியவள் தங்கச்சி போனில் குழுவைத் திறந்து பார்த்தா.

நட்சத்திரம் கொடுத்த தேதி... போன வருஷம்.