தண்ணீர் ஊற்றிய துப்பாக்கி

சித்தப்பா சத்தம் போட்டு நான் கேட்டது ஒரே ஒரு முறைதான். பெல்ஜியத்தில், மலையடிவாரக் கிராமம் ஒன்றில், முன்பின் தெரியாத ஒரு மூதாட்டியின் சமையலறையில் அது நடந்தது. சித்தப்பா கையிலிருந்த காப்பிக் கோப்பை தரையில் விழுந்து உடைந்ததும், "மேல தூக்கு! மேல தூக்கு!" என்று அவர் தமிழிலேயே கத்தியதும் இன்றும் என் காதில் இருக்கின்றன. அங்கே தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

என் அப்பாவுக்குத் தம்பியான அவர் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வைத்திருந்தார். ஆந்திரா, சத்தீஸ்கர் என்று போர் போட்டுத் திரிந்த காலத்தில், பழைய பங்களாக்களின் சுவர்களில் மாட்டியிருந்த துப்பாக்கிகளைப் பார்த்துப் பார்த்து அவற்றின்மேல் அவருக்கு ஒரு பித்து ஏற்பட்டிருந்தது. சுடுவதில் அவருக்கு ஆசையே கிடையாது. சேந்தமங்கலம் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்காக உரிமத்தோடு ஒன்று வைத்திருந்தார். தேர்தல் அறிவித்த மறுநாளே அதைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வருவார். அந்தத் துப்பாக்கி வெடித்து நான் கேட்டதில்லை. ஓர் இரும்புத் துண்டை இவ்வளவு அழகாக்க ஒரு மனிதனுக்கு எப்படிப் பொறுமை வந்தது என்பதுதான் அவருடைய வியப்பு. அந்த வியப்பு கடைசிவரை தீரவில்லை.

நான் லியேஜ் நகரத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்தபோது வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அம்மாவுக்கு அனுப்பவே மனமில்லை. சித்தப்பா மட்டும் முகமெல்லாம் சிரிப்பாக, "அது துப்பாக்கி செய்யற ஊராச்சே சாமி!" என்றார். அடுத்த கோடையில் என்னைப் பார்க்க வருவதாகச் சொல்லிக்கொண்டு வந்து இறங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றோரம் கூடும் சந்தைக்கு என்னை மொழிபெயர்ப்பாளராக அழைத்துக்கொண்டு போவார். பழைய பொருள் விற்பவர்கள் முன்னால் குந்தவைத்து உட்கார்ந்து, துப்பாக்கியைக் கையில் வாங்குவதற்கு முன் இரண்டு உள்ளங்கைகளையும் வேட்டியில் துடைத்துக்கொள்வார். குழாயின் மேல் நகத்தை ஓட்டுவார், மரப்பிடியை முகர்ந்து பார்ப்பார், பிறகு நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்த வியாபாரிகளுக்கு அவர் பேச்சு புரியாது, ஆனாலும் நாலாவது வாரம் அவருக்காக ஒரு முக்காலி போட்டு வைத்திருந்தார்கள். மிகப் பழைய சில வகைகளை அங்கே உரிமமில்லாமலே வாங்கலாம். ஊருக்குக் கொண்டுவரும் எண்ணம் அவருக்கு இல்லை. மனதுக்குப் பிடித்த ஒன்றே ஒன்றை வாங்கி என் அறையில் மாட்டிவிட வேண்டும், வரும்போதெல்லாம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காகவே ஒவ்வொரு கோடையிலும் வந்தார், அந்த ஒன்று மட்டும் கிடைக்கவில்லை.

மூன்றாவது கோடையின் முடிவில், முக்காலி போட்டு வைத்த வியாபாரிதான் அந்த மூதாட்டியைப் பற்றிச் சொன்னார். கணவர் இறந்துவிட்டார், வீட்டைக் காலி செய்கிறார்கள், போய்ப் பாருங்கள் என்றார். பேருந்து பிடித்துப் போனோம். சமையலறையில் கணப்புக்கு மேலே அது மாட்டியிருந்தது. இரட்டைக் குழல், வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் பழைய வகை. இரும்பையும் எஃகையும் நாடாவாக முறுக்கி அடித்துச் செய்த குழாய்களில் நீரலை போலக் கோடுகள் ஓடின. சித்தப்பா கணப்பருகே போய் அண்ணாந்து பார்த்தார். பிறகு மெதுவாக, "ஜலகண்டாபுரத்துத் தறியில நெய்ஞ்சாப்பல இருக்குது பாரு சாமி" என்றார். இதுதான் அது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மூதாட்டி கலகலப்பானவர். காப்பி கொடுத்தார். அவருடைய மகன் விலையைச் சொன்னார், குறைக்க முடியாது என்றும் சொன்னார். கிறிஸ்துமஸ் நாளில் தன் கணவர் இந்தத் துப்பாக்கியை எடுத்துப் பேரப்பிள்ளைகளை நோக்கி நீட்டுவார், அவர்கள் கைகளை உயர்த்திக்கொண்டு சிரிப்பார்கள் என்றார் மூதாட்டி. சொல்லிக்கொண்டே அதைக் கழற்றி, சுத்தியல் போல அடிக்கும் குதிரையைப் பின்னுக்கு இழுத்து, என் நெஞ்சுக்கு நேரே நீட்டினார். நானும் சிரித்துக்கொண்டே கைகளை உயர்த்தினேன்.

அப்போதுதான் கோப்பை உடைந்தது. சித்தப்பா பாய்ந்து குழாயை மேலே தள்ளினார். மறுகையின் கட்டைவிரலைக் குதிரைக்கு அடியில் கொடுத்தார். பயந்துபோன மூதாட்டி விசையை அழுத்திவிட, குதிரை சித்தப்பாவின் நகத்தின்மேல் வந்து விழுந்தது. அவர் கையை எடுக்கவில்லை. துப்பாக்கியை ஜன்னல் பக்கம் திருப்பிய பிறகே விரலை விடுவித்தார். குதிரை விழும் இடத்தில், பச்சைக் களிம்பு ஏறிய சின்னச் செம்பு மூடி ஒன்று அப்படியே உட்கார்ந்திருந்தது. மருந்தைப் பற்ற வைப்பது அதுதான். குதிரை பின்னுக்குப் போன கணத்தில் அதை அவர் பார்த்திருக்கிறார்.

மூடியை நகத்தால் நெம்பி எடுத்துவிட்டு, ஒரு நீளக் குச்சியைக் குழாய்களுக்குள் விட்டு அளந்தார். ஒரு குழாயில் அடிவரை போனது. மற்றதில் நாலு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. என்றோ யாரோ கெட்டித்த மருந்தும் ஈய ரவையும் உள்ளேயே கிடந்தன.

"தண்ணி கேளு சாமி, வெரசலா. மருந்து நனைஞ்சாத்தான் வெடிக்காது."

மகன் தடுத்தார். தண்ணீர் பட்டால் உள்ளே துரு ஏறும், இதற்குப் பிறகு யார் வாங்குவார்கள் என்றார். சித்தப்பா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "துரு ஏறுனா ஏறீட்டுப் போகுது. சொன்ன வெலைய முழுசாக் குடுத்தறேன்னு சொல்லு." நான் சொல்லி முடிப்பதற்குள் குழாயில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று கோடைகளாகத் தேடிய பொருள். அவர் கை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

மாலையில் அந்த ஊர்த் துப்பாக்கிக் கொல்லர் வந்து உள்ளிருந்ததை வெளியே எடுத்தார். கருஞ்சேறும் ஒரு கை நிறைய ஈயக் குண்டுகளும். மூதாட்டி பேரப்பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி அழுதார். மகன் முதலுதவிப் பெட்டியைக் கொண்டுவந்து சித்தப்பாவின் விரலுக்குக் கட்டுப் போட்டார். சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொன்னதைச் சித்தப்பா ஏற்கவில்லை. முழு விலையையும் கொடுத்துத்தான் வாங்கினார். ஊருக்குக் கிளம்பும்வரை தினமும் எண்ணெய் போட்டுப் பார்த்தார். துரு உள்ளே கடித்துவிட்டிருந்தது. கிளம்பும் நாளில் அதை என் அறைச் சுவரில் மாட்டிவிட்டு, "கெடக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

இந்தப் பொங்கலுக்கு நான் ஊருக்கு வந்திருந்தேன். எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பேச்சு வந்தது. பரிமாறிக்கொண்டிருந்த அம்மாதான் ஆரம்பித்தார். "கடல் தாண்டிப் போயி துப்பாக்கி வாங்கி, அதுல தண்ணிய ஊத்திக் கெடுத்த மகராசன் எங்க கொழுந்தனாருதானுங்க!" பந்தியே சிரித்தது. அப்பா, ரிக் ஆபீசில் இன்னும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்றார். சித்தப்பாவும் சிரித்தபடி, "கழுவறேன்னு ஊத்திப்போட்டனுங்க அண்ணி, என்ன பண்றது" என்றார். நகம் கறுத்துப்போனதற்குக் கார் கதவில் நசுங்கியதாகச் சொல்லி வைத்திருந்தார் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் எல்லாவற்றையும் சொல்லியிருப்பார் என்றே இத்தனை வருடங்களாக நினைத்திருந்தேன்.

நான் சொன்னேன். சமையலறை, நீட்டிய குழாய், எதிரே கைகளை உயர்த்தி நின்ற நான், நடுவில் போன அவர் விரல், எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பு நின்றது. சித்தப்பா இலையைப் பார்த்தபடி, "அதெதுக்கு சாமி இப்ப" என்றார்.

அம்மா கையிலிருந்த குழம்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"ஏனுங் தம்பி, எங்கிட்டயாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க?"

"சொல்லியிருந்தா புள்ளையத் திரும்பப் படிக்க அனுப்பியிருப்பீங்களா அண்ணி?"

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு தலையை மெல்ல ஆட்டி, "மாட்டனுங்க" என்றார்.