கழற்ற மறுத்த பழைய பெட்டி

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான், எதற்கெடுத்தாலும் பயப்படுவேன். ஆவடியில் ஒரு மருத்துவமனையில் வைஃபை மாற்றும் வேலை. தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளின் இதயத்துடிப்பு, நர்ஸ் மேசையிலுள்ள திரைக்கு அந்த வைஃபை வழியாகத்தான் போகும்.

"பழைய வைஃபை பெட்டியக் கழட்டு நைனா, புதுசு ஓடிக்கினு கீது," என்றார் சூப்பர்வைசர்.

ஏணியில் நின்றிருந்த நான் பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டேன். "எல்லா பேஷன்ட்டும் புதுசு வழியா திரைல தெரியறாங்கன்னு சிஸ்டர் சொல்லட்டும்ணே. அப்பால கழட்டுறேன்."

"பயந்தாங்கொள்ளி! நாளைலருந்து வேலைக்கு வராத."

"வரலண்ணே. ஆனா இப்பக் கழட்ட மாட்டேன்."

நர்ஸ் கட்டில் கட்டிலாகப் போய், கருவிகள் புதுப் பெட்டியோடு இணைந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா வருது, கழட்டுங்க," என்றார். கழற்றினேன். ஒரு குறையும் இல்லை.

சூப்பர்வைசர் சிரித்தார். "பாத்தியா? இதுக்கா இந்த அலப்பறை?"

"பாத்தேண்ணே. பாத்த அப்பாலதான் கழட்டுனேன்."

வேலை போனது. ஆனால் என் பயத்துக்காக அன்றிலிருந்து நான் வெட்கப்படுவதில்லை. இப்போது வேறொருவரிடம் வேலை செய்கிறேன். இங்கேயும் நர்ஸ் சொல்லும்வரை கழற்ற மாட்டேன்.