முதல் வாலாட்டி

ஸ்கூட்டருக்கு ஸ்டாண்ட் போடுவதற்குள் லூர்துசாமியின் பைனாகுலர் கண்ணுக்குப் போய்விடும். தலையில் ஹெல்மெட் இருப்பது அப்புறம்தான் நினைவுக்கு வரும். பைனாகுலர் ஹெல்மெட் கண்ணாடியில் ‘டங்’கென்று இடிக்க, அந்தச் சத்தத்தில் பக்கத்துப் புதரிலிருந்து நாலைந்து சில்லைக் குருவிகள் எழுந்து பறக்கும். “முனியா, அஞ்சு,” என்று சில்லையின் இந்திப் பெயரைச் சொல்லி, பறந்தவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்வார். வாரத்துக்கு இரண்டு முறையாவது இது நடக்கிறது. ஹெல்மெட் கண்ணாடியில் இருக்கும் கீறல்களைப் பார்த்தால் தெரியும்.

வயது ஐம்பத்தாறு. புனேயை ஒட்டிய ஆகுர்டியில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். முப்பது வருடங்களாக அளவு பார்க்கும் கேஜ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு பாகத்தின் துளையிலும் நுழைத்துப் பார்க்கிறார். நுழைந்தால் பாஸ். நுழையாவிட்டால் ரிஜெக்ட். “நடுவுல ஒண்ணு கிடையாதுபா,” என்பார். வேலூரிலிருந்து கட்கிக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். வீட்டில் வேலூர்த் தமிழ், வெளியே இந்தியும் மராத்தியும். கோபம் வந்தால் மூன்றும் கலந்து வரும்.

கேமராவில் ஒரு முழ நீளத்துக்கு லென்ஸ். மற்றவர்கள் அதற்குப் பச்சையும் பழுப்புமாக மிலிட்டரி உறை வாங்கிப் போடுவார்கள். இவருடைய லென்ஸுக்கு மனைவி செல்வமேரி பழைய படுக்கை விரிப்பில் உறை தைத்துக் கொடுத்திருக்கிறார். உடம்பெல்லாம் ரோஜாப்பூ. யாராவது சிரித்தால், “பறவைங்க ரோஜாவப் பார்த்து பயப்படாது. உங்க டீ-ஷர்ட்டப் பார்த்துதான் பயப்படுது,” என்று வாயை அடைத்துவிடுவார்.

புனேயில் பறவை பார்க்கிறவர்களின் வாட்ஸப் குழு ஒன்றுக்கு இவர்தான் அட்மின். முப்பத்து நான்கு பேர். அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. மழை ஓய்ந்து செப்டம்பர் பிறந்ததும், இமயமலைப் பக்கமிருந்து சாம்பல் வாலாட்டி இங்கே குளிர்காலம் கழிக்க வரும். முதுகு சாம்பல், அடிப்பக்கம் மஞ்சள், நிற்கிற இடத்தில் நிற்காமல் வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீர் ஓரத்திலேயே திரிவதால் மராத்தியில் இந்த இனத்துக்குத் தோபி, அதாவது சலவைக்காரர், என்று பெயர். சீசனின் முதல் வாலாட்டியை யார் படம் எடுக்கிறாரோ, அன்று இரவு எட்டு மணிக்குக் குழுவின் பெயர் அவர் பெயருக்கு மாறும். அடுத்த செப்டம்பர் வரை அதே பெயர்தான்.

நான்கு வருடங்களாகக் குழுவின் பெயர் ‘லூர்து கா தோபி’, லூர்துவின் வாலாட்டி. மத்தியான வேளையில் கேன்டீனில் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனை நிமிர்த்தி வைத்து, அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். பக்கத்தில் உட்கார்பவர்களுக்கும் தெரியும்படிதான் வைப்பார். ஆசைதான். அதை அவர் ஒளித்ததும் இல்லை.

விதிகளையும் அவரே எழுதினார். படம் இல்லையென்றால் பறவை இல்லை. படம் எடுத்த தேதிதான் கணக்கு, குழுவில் போட்ட தேதி இல்லை. நெட் கிடைக்காத மலையில் எடுத்தவர் என்ன பாவம் செய்தார்? குழுவுக்குப் பெயர், படம் எடுத்தவருடைய பெயர். ஆகஸ்டு மாதமே யாராவது ஒருவர் வருடம் முழுக்க இங்கேயே இருக்கும் கறுப்பு வெள்ளை வாலாட்டியை எடுத்துப் போட்டு, “தோபி ஆகயா!”, தோபி வந்தாச்சு என்று குதிப்பார். அடுத்த நிமிடம் லூர்துசாமியிடமிருந்து ஒரே சொல் வரும்: ரிஜெக்ட்.

இந்த செப்டம்பரில் ஒன்றாம் தேதியே ஆரம்பித்துவிட்டார். விடிவதற்குள் பாஷாண் ஏரி. மறுநாள் ஹடப்சரையும் தாண்டிக் கவடி ஆற்றங்கரை. வீட்டிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர். ஊரெல்லாம் கணபதி விழாவின் டோல் மேளச் சத்தம் அதிர்ந்துகொண்டிருந்ததால்தான் பறவை வரவில்லை என்று முதல் வாரம் சொன்னார். கணபதியைக் கரைத்து ஊர் அடங்கிய பிறகும் வரவில்லை. பல்வலி என்று அரை நாள் லீவு போட்டு இந்திராயணி ஆற்றங்கரையில் நின்றார். வாலாட்டாத பறவைகள் எல்லாம் வந்தன.

பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, நஸ்ரின் ஒரு படம் போட்டாள். பாணேரில் ஐடி கம்பெனியில் வேலை, பறவை பார்க்க ஆரம்பித்து மூன்றே மாதம். வீட்டுக்குப் பக்கத்து ஓடையில், கல்லின் மேல், சாம்பல் வாலாட்டி. லூர்துசாமி படத்தைப் பெரிதாக்கி அரை மணி நேரம் குற்றம் தேடினார். வாலின் நீளத்தைப் பார்த்தார், காலின் நிறத்தைப் பார்த்தார். ஒன்றும் சிக்கவில்லை. கசப்பு மாத்திரையை விழுங்குகிற முகத்தோடு ‘பாஸ்’ என்று அடித்தார். “சாரி அங்கிள்,” என்று பதில் வந்தது. தோற்றதைவிட அந்த சாரிதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

அன்று முழுவதும் அந்தப் படத்தையே திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாலை ஏழு மணிக்கு தோசைக் கரண்டியோடு செல்வமேரி ஹாலுக்கு வந்தார்.

“இன்னாங்க, காலையிலருந்து மூஞ்சி ஒரு மாதிரியா இருக்குது?”

போனை நீட்டினார். செல்வமேரி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார்.

“இதுவா? இது நம்ம பார்க்கிங்ல வருதே.”

“பார்க்கிங்ல வர்றது மைனா.”

“மைனா எனக்குத் தெரியாதா? வாட்ச்மேன் கார் கழுவுவாரு பாருங்க, அந்தத் தண்ணி தேங்கி நிக்குற எடத்துல வாலை ஆட்டிகினே நடந்துகினு இருந்துச்சு. நான் ஸ்கூல் வேலைக்குக் கெளம்பும்போது பார்த்தேன். நல்லா இருக்குதேன்னு வியாழக்கிழம ஒரு போட்டோகூட எடுத்தேன்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க எங்க இருந்தீங்க? கவடிக்கு இல்ல போயிருந்தீங்க. வந்ததும் படுத்துட்டீங்க. அக்காவுக்கு அனுப்பிட்டு நானும் மறந்துட்டேன்.”

படத்தை வாங்கிப் பார்த்தார். ஒரு ஸ்கூட்டர் சக்கரம், நீல பக்கெட், ஓரத்தில் செல்வமேரியின் செருப்பு நுனி. நடுவில், வாலைத் தூக்கிய நொடியில், அடிவயிறு மஞ்சளாகப் பளிச்சென்று தெரிய, சாம்பல் வாலாட்டி. தேதி பதினொன்று, நேரம் காலை ஏழு பன்னிரண்டு. தினமும் விடியற்காலையில் அந்தத் தண்ணீரின் மேலேயே ஸ்கூட்டரை ஏற்றிக்கொண்டுதான் அவர் வாலாட்டி தேடக் கிளம்பினார்.

“உங்களுக்கு உபயோகப்படுமா? வேணும்னா அனுப்பறேன், வெச்சிக்கோங்க. எனக்கெதுக்கு?” என்று சொல்லி, அனுப்பியும் வைத்துவிட்டு, செல்வமேரி அடுப்பைப் பார்க்கப் போனார்.

மணி ஏழு நாற்பது. எட்டு மணிக்குக் குழுவின் பெயர் நஸ்ரினுக்குப் போய்விடும். இரண்டு பேருடைய போனும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய ஒரே மாடல். ‘எங்கள் பார்க்கிங், பதினொன்றாம் தேதி’ என்று மட்டும் எழுதிப் போட்டால் அதில் ஒரு சொல் பொய் கிடையாது. யார் எடுத்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை. நான்கு வருடமாக வேறு யார் எடுத்தார்கள்? ஐந்தாவது வருடமும் கேன்டீனில் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். வேண்டும் என்றுதான் இருந்தது. வெட்கமில்லாமல், ரொம்பவே வேண்டும் என்று இருந்தது. அப்படியே எழுதினார். அனுப்பும் பொத்தான்மேல் கட்டைவிரல் வெகு நேரம் நின்றது. உள்ளே தோசைக்கல்லில் மாவு விழுந்து ‘சொய்’ங்கென்றது.

அழித்தார். மறுபடி எழுதினார்: ‘எடுத்தவர்: செல்வமேரி. தேதி 11. பாஸ்.’ அனுப்பிய கையோடு, யாரும் சொல்வதற்கு முன், குழுவின் பெயரையும் மாற்றினார். ‘செல்வமேரி கா தோபி’.

குழு கொந்தளித்தது. யார் இந்த செல்வமேரி, எந்த ஏரியா, என்ன கேமரா? ‘என் வீட்டுக்காரி, போன் கேமரா’ என்று இந்தியில் எழுதினார். கைதட்டும் படங்கள் வரிசையாக விழுந்தன. தோற்றுப்போன நஸ்ரின்தான் எல்லோருக்கும் முந்திக்கொண்டாள்: “வாவ்! அங்கிள், ஆன்ட்டி கா போட்டோ பேஜோ, குரூப் டிபி லகாதே ஹை.” குழுவின் முகப்பில் வைக்க ஆன்ட்டியின் படம் வேண்டுமாம்.

லூர்துசாமி கம்ப்யூட்டரைத் திறந்தார். பதினொரு வருடத்தில் நாற்பத்து இரண்டாயிரம் படங்கள். ஒவ்வொரு பறவைக்கும் தனி ஃபோல்டர். கொக்குக்கு மட்டும் தொள்ளாயிரம். செல்வமேரிக்கு ஃபோல்டர் இல்லை. ஒரு கவடிப் படத்தில் கரையோரமாகப் பிளாஸ்க்கைத் திறந்துகொண்டு ஒரு முதுகு தெரிந்தது. அது செல்வமேரிதான். அந்தப் படத்துக்கு அவர் வைத்திருந்த பெயர் ‘மீன்கொத்தி, தெளிவில்லை’.

போனிலேயே ஒரு படம் எடுத்து அனுப்பியிருக்கலாம். அவர் ரோஜாப்பூ உறை போட்ட லென்ஸைத் தூக்கிக்கொண்டு சமையலறை வாசலுக்குப் போனார். பத்தடிக்குள் இருந்தால் அதில் ஃபோகஸ் ஆகாது. ஹாலுக்குப் பின்வாங்கினார். ஒரு கம்மல் மட்டும் தெரிந்தது. வாசல்படிக்குப் போனார். ஒரு கன்னம். கடைசியில் லுங்கியோடு வெளியே காரிடாருக்கே போய், எதிர்வீட்டு பாட்டீலின் மிதியடிமேல் முழங்கால் போட்டு உட்கார்ந்தபோதுதான் முகம் முழுக்க அடங்கியது.

“அங்க இன்னா பண்றீங்க? தோசை ஆறிப் போவுது!”

“ஸ்ஸ்… ஆடாத மேரி. கொஞ்சம் இப்பிடித் திரும்பு.”

“எனக்கு வேற வேலை இல்ல?” என்றாரே தவிர, செல்வமேரி முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது. குப்பைக் கூடையோடு பாட்டீல் வெளியே காலெடுத்து வைக்கப் போனார். லூர்துசாமி கண்ணை எடுக்கவில்லை. ஒரு கையைப் பின்பக்கமாக நீட்டி, உள்ளங்கையை விரித்து, அவரை அப்படியே நிற்கச் சொன்னார்.