கஞ்சி குடித்த துஜா

விடிந்ததும் விடியாததுமாகக் காசிநாதன் வாசல் தோட்டத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுகிறார். நெற்றியில் விபூதி இன்னும் ஈரம் காயவில்லை. இடது கையில் ஒரு வெள்ளைத் தாள். வலது கையால் செடியின் கிளை ஒன்றைப் பிடித்துத் தாளின் மேல் தட்டுகிறார். உதிர்ந்ததை, சரிகை பார்க்கிற பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உற்றுப் பார்க்கிறார். "தூசி ஓடாது. ஓடிச்சின்னா அது பூச்சி. இன்னிக்கு ஒண்ணும் ஓடல," என்கிறார். பக்கத்தில் யாரும் இல்லை.

பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்களில் இவர் ஒரு தனி ரகம். எதற்கும் காரணம் தெரிந்தாக வேண்டும். மின்விசிறி கிறீச்சிட்டால் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். அப்படிக் கழற்றி, திரும்ப மாட்டத் தெரியாமல் போன விசிறி ஒன்று பரணில் கிடக்கிறது. பக்கத்து வீட்டு ஆடு இருமினாலும் சுவர் மேல் எட்டி விவரம் கேட்பார். "ஏன்னு தெரிஞ்சிக்கினா நல்லதுதானேபா," என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும்.

செடி வந்த கதை வேறு. முழங்கால் உயரம்தான், அதற்கு மேல் அதிகம் வளராத குள்ள ஜாதி. சீப்புச் சீப்பாக அடுக்கிய பச்சை, நுனியில் மட்டும் மஞ்சள் மினுக்கு. நர்சரியில் துஜா என்கிறார்கள். தெருவில் கிறிஸ்துமஸ் செடி. காசிநாதன் வெறுமனே "அது" என்பார்.

போன வருஷம் மகள் தீபிகா தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை வீட்டில் சாதியும் வேறு, சாமியும் வேறு. பதிவு அலுவலகத்துக்கு இவர் போகவில்லை. சில நாள் கழித்து மாப்பிள்ளையின் அப்பா தேவசகாயம், செடியை சிமெண்ட் தொட்டியோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தோட்டம் பார்ப்பவர். காசிநாதன் தறிக்குழியை விட்டு எழவில்லை. வந்த மனிதர் வாசலிலேயே நின்று, "மண்ணு காயாம, தண்ணி தேங்காம பாத்துக்கமா," என்று காசிநாதனின் மனைவி அம்சவேணியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று சாப்பாட்டு வேளையிலும் தறிச் சத்தம் நிற்கவில்லை என்கிறார் அம்சவேணி.

சித்திரை வெயிலில் செடி பழுப்படிக்கத் தொடங்கியது. அதே சமயம் தீபிகா உண்டாகியிருக்கும் செய்தியும் வந்தது. ஆவணியில் வளைகாப்பு முடித்து, பிரசவத்துக்குத் தாய்வீட்டில் தாமே கொண்டுவந்து விடுவதாகத் தேவசகாயம் சொல்லி அனுப்பினார். அதற்குள் செடி பட்டுப்போனால் அவர் என்ன நினைப்பார்? காசிநாதனுக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு மனுஷனை வாசலில் நிறுத்தியபோது வராத வெட்கம் இப்போது செடியின் பேரில் வந்திருக்கிறது என்று நமக்குத் தோன்றும். அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

"கண்ணு பட்டுட்டுது," என்றார் அம்சவேணி. கறுப்புக் கயிற்றில் படிகாரம் கட்டினார். மழைத் தூறலில் அது கரைந்ததுதான் மிச்சம். பிறகுதான் காசிநாதன் தாளில் தட்டிப் பார்த்தார். கடுகை விடச் சின்னதாகச் சிவப்புப் புள்ளிகள் ஓடின. விரலால் நசுக்கினால் குங்குமம் இழுத்தாற்போலக் கோடு. தினமும் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினார். பூச்சி குறைந்தது, பழுப்பு குறையவில்லை.

"அவருக்கு ஒரு போன் போட்டா இன்னா? செடி வைத்தியரு நம்ம வூட்டு சம்பந்தியாவே இருக்குறாரு," என்றார் அம்சவேணி.

"நான்தான் பாத்துக்கினு இருக்கேனே."

"நீங்க பாத்த விசிறி பரண் மேல இருக்குது."

ஒரு நாள் ஊற்றிய தண்ணீர், ஊற்றிய வேகத்திலேயே தொட்டியின் ஓரமாக இறங்கி அடித் துளை வழியே ஓடிவிட்டது. "இம்மாம் தண்ணி ஊத்துறேன், குடிக்குதா இல்லியா?" என்று மூங்கில் குச்சி ஒன்றை மண்ணில் செருகினார். மேல்மண் அப்பளம் போல உடைந்தது. உள்ளே போன குச்சி பொட்டு ஈரம் இல்லாமல் வெளியே வந்தது. உடைந்த பொருக்கை முகர்ந்தார், நாக்கில் வைத்தும் பார்த்தார்.

கஞ்சி. வீதியில் நெசவுக்கான பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடும் காலைகளில், மிஞ்சியதை யாரும் பார்க்காமல் கொண்டுவந்து இந்தத் தொட்டியில் ஊற்றியவர் அவரேதான். பட்டு நூலுக்கே தெம்பு கொடுக்கிற கஞ்சி, செடிக்குக் கொடுக்காதா என்று கணக்கு. அது அடுக்கடுக்காகக் காய்ந்து, மண்ணைப் பசை போட்டு மூடிவிட்டது.

"அவரு குடுத்த செடிக்கா? எனக்குக்கூடத் தெரியாமயா?" என்று, அவர் சொன்னதைக் கேட்டு வாயைப் பிளந்தார் அம்சவேணி.

"செடி இன்னாமா பண்ணுச்சு?" என்றார் காசிநாதன்.

பொருக்கைச் சுரண்டி எறிந்தார். மதிய வெயில் படாத இடத்துக்குத் தொட்டியை நகர்த்தினார். அடியில் ஊசித்துளை போட்ட பாட்டிலைக் கட்டிவிட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறக்கினார். கிளைகளை நகத்தால் கீறி, உள்ளே பச்சை தெரிந்ததை விட்டார், தெரியாததை வெட்டினார். ஆடி மழைக்கு நுனிகளில் இளம்பச்சை எட்டிப் பார்த்தது. தறிக்கும் செடிக்குமாக அவர் நடந்த நடையில் அந்த மாதம் சேலை ஒன்று தாமதமாயிற்று. செடியின் ஒரு பக்கம் மட்டும் குச்சி குச்சியாக மொட்டையாகவே நின்றது. அதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ வந்தது. அம்சவேணி ஆரத்தி சுற்றி மகளை உள்ளே அழைத்துப் போனார். தேவசகாயம் துணிப்பையும் கையுமாக வாசலிலேயே நின்றுகொண்டார். செடியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட, நல்லா வச்சிருக்கீங்களே!"

காசிநாதன் வேட்டியை மடித்துக் கட்டினார். உட்கார்ந்து, தொட்டியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து, மூச்சு வாங்கத் திருப்பினார். மொட்டைப் பக்கம் முன்னால் வந்தது.

"நான்தான் கஞ்சி ஊத்திக் கெடுத்துட்டேன் சம்பந்தி. இது திரும்ப வருமா?"

தேவசகாயம் குனிந்து குச்சிகளைத் தடவிப் பார்த்தார். "இந்தப் பக்கம் இனிமே துளிர்க்காதுங்க. பக்கத்துல இருக்குறது வளந்து மறைச்சிக்கும். கொஞ்ச வருஷம் ஆவும்."

"ஆவட்டும்," என்றார் காசிநாதன். மண் ஒட்டிய கையாலேயே அவருடைய பையை வாங்கிக்கொண்டு, முன்னால் படியேறினார்.